ஜனவரிக்குள் சொல்ல வேண்டியது

நவம்பர் 11, செவ்வாய்

திலகவதி டீச்சரின் ஸ்கேன் முடிவு இன்று வந்தது. சினைப்பையில் ஆரம்பித்தது. போன வருடம் ஆபரேஷன் செய்து, மருந்து ஏற்றி, முடியெல்லாம் கொட்டி மறுபடி முளைத்து, பள்ளிக்கூடத்துக்கே திரும்பிப் போய்விட்டார். இப்போது கல்லீரலில் இருக்கிறது. நுரையீரலிலும் இருக்கிறது.

டாக்டர் இளம்பரிதி முதலில் வீட்டுக்காரரை மட்டும் கூப்பிடச் சொன்னார். எங்கள் ஆஸ்பத்திரியில் இதுதான் பழக்கம். வியாதிக்காரர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார், அவர் உடம்பைப் பற்றி உள்ளே மற்றவர்கள் பேசிக்கொண்டிருப்பார்கள். நான் ஃபைலைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றேன்.

வீட்டுக்காரர் சென்னியப்பன் உடுமலைப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருப்பவர். அதிகம் பேசமாட்டார். டாக்டர் சொல்லி முடித்ததும் மேஜை விளிம்பைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு, "அவகிட்டச் சொல்லிப்போடாதீங்க டாக்டர். தாங்கமாட்டாளுங்க" என்றார்.

டாக்டர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. அதை நான் பார்த்தேன். "சரிங்க, உங்க இஷ்டம். மருந்து மாத்திப் பாக்கலாம்" என்று எழுந்துவிட்டார்.

வெளியே வந்ததும் டீச்சர் வீட்டுக்காரரைக் கேட்கவில்லை, என்னைத்தான் கேட்டார். "என்ன சிஸ்டர், ஸ்கோர் என்ன?"

"மருந்து மாத்தறாங்க டீச்சர். டாக்டர் வந்து சொல்லுவாரு."

டாக்டர் அதற்குள் லிஃப்டில் ஏறியிருந்தார்.

நவம்பர் 12, புதன்

மிக்ஸி ரிப்பேர். தண்ணி வரவில்லை. வார்டில் இரண்டு பேர் லீவு. எழுத ஒன்றும் இல்லை.

நவம்பர் 18, செவ்வாய்

டீச்சருக்குப் புது மருந்து இன்று ஆரம்பம். நரம்பு கிடைக்காமல் இரண்டு தடவை குத்தினேன். "பரவாயில்ல, எங்க புள்ளைங்க முட்டியப் பாத்தா இதெல்லாம் ஒண்ணுமே இல்ல" என்று சிரித்தார்.

அரசு பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சர் அவர். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கபடி டீம் நடத்துகிறார். இத்தனை வருடத்தில் இந்த வருடம்தான் மாநிலப் போட்டிவரை போயிருக்கிறார்கள். ஜனவரி ஒன்பது, பத்து, திண்டுக்கல்லில். ஒரு கையில் மருந்து இறங்க, இன்னொரு கையில் போனைப் பிடித்து வீடியோ காட்டினார். செம்மண் கிரவுண்டு, மெலிந்த பெண்கள். ஒருத்தி எதிரணிப் பக்கம் பாடிக்கொண்டு போனாள், தொட்டாள், வளைந்து திரும்பினாள்.

"இவதான் மோனிஷா. கேப்டன். பாடிட்டுப் போறதுல யாரும் இவகிட்ட நிக்க முடியாது. ஆனா லெஃப்ட் கார்னர்ல நிக்கிற புள்ள பயப்படுது, பாத்தீங்களா? அவள மாத்தணும். அதுக்கு நான் நேர்ல நிக்கணும்." பிறகு போனை மடியில் வைத்தார். "ஜனவரில நான் எந்திரிச்சு நிப்பேனா சிஸ்டர்? இல்லீனா இப்பவே சொல்லிருங்க. மோனிஷாவும் மத்த புள்ளைங்களும் அடுத்த வருசமும் ஸ்கூல்லதான் இருப்பாளுங்க. அடுத்த வருசம் பாத்துக்கலாம்."

"மொதல்ல அந்த இளநீரக் குடிங்க" என்றேன்.

அடுத்த வருடம். அந்த வார்த்தை வீடுவரை பஸ்ஸில் கூடவே வந்தது.

நவம்பர் 19, புதன்

ரவுண்ட்ஸ் முடிந்ததும் டாக்டரை நிறுத்திக் கேட்டேன். "சார், திலகவதி டீச்சருக்கு யாராவது சொல்லணும்."

"வீட்டுக்காரர் வேண்டாங்கறாரே."

"வியாதி அவருக்கில்லையே சார்."

அவருக்குக் கோபம் வந்தது. "சிஸ்டர், இன்னைக்கு ஓ.பி.ல எத்தனை பேர் நிக்கறாங்க தெரியுமா? நான் சொல்லி, அவங்க அழுது, வீட்டுக்காரர் என் சட்டையப் புடிச்சா யார் வருவா? போன வருசம் வாங்கினேனே, மறந்துட்டீங்களா?" என்றார். மறக்கவில்லை. ஒரு நோயாளியின் அண்ணன் அவரைக் கன்னத்தில் அறைந்தான்.

சரி, அவர் அறை வாங்கினார். அதற்காகத் திலகவதி டீச்சர் ஏன் இருட்டில் உட்கார வேண்டும்?

ராத்திரி என் வீட்டுக்காரர் சிவராஜிடம் சொன்னேன். "உன் வேலை ஊசி போடறது. அதப் பாரு" என்று டிவி பக்கம் திரும்பிக்கொண்டார். எல்லோருக்கும் என் வேலை என்ன என்று நன்றாகத் தெரிந்திருக்கிறது.

நவம்பர் 27, வியாழன்

'நோயாளியிடம் கெட்ட செய்தியைச் சொல்வது எப்படி?' கான்ஃபரன்ஸ் ஹாலில் ஒருநாள் பயிற்சி. சென்னையிலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார். பேச்சு நன்றாகத்தான் இருந்தது. தனி அறை வேண்டும். உட்கார்ந்து பேச வேண்டும். அவருக்கு என்ன தெரியும், என்ன தெரிந்துகொள்ள விருப்பம் என்று முதலில் கேட்க வேண்டும். சொல்லிவிட்டு அமைதியாக இருக்க வேண்டும். ஒவ்வொன்றும் ஸ்லைடில் வந்தது. நர்ஸ்கள் எல்லாம் கடைசி வரிசை. டிஷ்யூ டப்பா நோயாளிக்கு எட்டுகிற மாதிரி இருக்கிறதா என்று பார்ப்பது நர்ஸ் பொறுப்பாம். அதற்கும் ஒரு ஸ்லைடு.

பிறகு நடித்துக் காட்டச் சொன்னார்கள். நோயாளியாக நான், டாக்டராக இளம்பரிதி சாரே. எதிரே உட்கார்ந்து, "உங்க ரிசல்ட் நாம எதிர்பார்த்த மாதிரி இல்லைங்க" என்றார். "அமைதி, அமைதி, பத்து செகண்ட் விடுங்க" என்று அந்த அம்மா சொன்னார். டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சரியாக நடித்தேன் என்று பாராட்டினார்கள்.

நான் கையைத் தூக்கிக் கேட்டேன். "சொல்லாதீங்கன்னு வீட்டுக்காரங்க சொன்னா என்ன செய்யறதுங்க மேடம்?"

"ரொம்ப நல்ல கேள்வி. சாப்பாட்டுக்கு அப்புறம் விரிவாப் பேசலாம்."

சாப்பாட்டுக்கு அப்புறம் அவருக்கு ஃப்ளைட்.

டிசம்பர் 1, திங்கள்

டீச்சரைக் காய்ச்சலோடு சேர்த்திருக்கிறார்கள். வெள்ளை அணுக்கள் குறைந்துவிட்டன. வாயெல்லாம் புண். மோர்கூட இறங்கவில்லை.

ட்ரிப் பாட்டில் மாற்றப் போனபோது போனில் பேசிக்கொண்டிருந்தார். நாக்கு புரளாமல், ஒவ்வொரு வார்த்தையாக. எதிர்முனையில் தலைமையாசிரியை.

"இல்லீங் மேடம்... இந்தத் தடவை என்னால ஆகாது... பக்கத்து ஸ்கூல் சாரையே டீமக் கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க... ஆமாங் மேடம், மருந்த ஒழுங்கா முடிச்சுப்போட்டா அடுத்த வருசம் நானே நின்னு பாத்துக்குவேன்... புள்ளைங்ககிட்ட நானே சொல்லிக்கறனுங்க."

நான் பாட்டிலை மாற்றினேன். சொட்டு சரியாக விழுகிறதா என்று பார்த்தேன். வெளியே வந்துவிட்டேன்.

டிசம்பர் 2, செவ்வாய்

பி பிளாக்கில் ஆள் பற்றாக்குறை. நானே கேட்டு மாறிக்கொண்டேன்.

டிசம்பர் 3, புதன்

பி பிளாக். வேலை அதிகம்.

டிசம்பர் 5, வெள்ளி

பி பிளாக். "அங்க ஆள் சரியாத்தானே இருக்கு, நீ ஏன் போற கோதை?" என்று எங்கள் ஏ பிளாக் நர்ஸ் பிலோமினா கேட்டாள். அவளுக்கு எல்லாவற்றிலும் மூக்கை நுழைக்க வேண்டும். டீச்சர் என்னைக் கேட்டாராம். வருகிறேன் என்று சொல்லச் சொன்னேன்.

டிசம்பர் 8, திங்கள்

கேன்டீனில் சென்னியப்பன் தனியாக உட்கார்ந்திருந்தார். டீ ஆடை கட்டிக் கிடந்தது. எதிரில் போய் உட்கார்ந்தேன்.

"டீச்சர்கிட்ட நீங்களே சொல்லிருங்க. இல்லீனா டாக்டர் சொல்லட்டும், சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

"எங்க மாமனாருக்கும் கேன்சர்தானுங்க. சொன்னாங்க. அப்பறம் சோறே எறங்கல, பத்து நாள்ல போயிட்டாரு."

"சொல்லாம இருந்தா இருந்திருப்பாரா?"

எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. "டீச்சர் திண்டுக்கல்லுக்குப் போகலைன்னு சொல்லிட்டாங்க, தெரியுமா? அடுத்த வருசம் பாத்துக்கலாம்னு நெனச்சுத்தான். அடுத்த வருசம் இருக்கான்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவங்களுக்கு மட்டும் தெரியாது. இது நியாயமாங்க?"

பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சென்னியப்பன் டம்ளரைப் பார்த்தபடியே சொன்னார். "கல்யாணம் ஆன நாள்ல இருந்து அவ அழுது நான் பாத்ததில்லீங்க. சொன்னா அழுவா. அழுதா நான் என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியலீங்க சிஸ்டர்."

அந்த மனிதரைத் திட்டிவிட்டேன் என்று வருத்தமாக இருக்கிறது. ஆனால் திட்டியது தப்பு என்று இப்போதும் தோன்றவில்லை.

டிசம்பர் 10, புதன்

இன்று ஏ பிளாக்கிலேயே போட்டுவிட்டார்கள். மறுக்க வழியில்லை.

டீச்சருக்குக் காய்ச்சல் இறங்கியிருக்கிறது. வாய்ப்புண்ணும் பரவாயில்லை. வீட்டுக்காரர் மருந்து வாங்கப் போயிருந்தார். உள்ளே நுழைந்ததுமே டீச்சர் கேட்டார். "ஒரு வாரமா ஏன் வரல சிஸ்டர்?"

"வேற பிளாக்ல டூட்டி."

"நான் புள்ளைங்கள மேய்க்கறவ. தப்புப் பண்ணின புள்ள எந்தப் பக்கமாப் போவும்னு எனக்குத் தெரியும். நல்ல சேதியா இருந்தா நீங்க ஓடி வந்திருப்பீங்க. இவரு மூஞ்சியப் பாக்கமாட்டீங்கறாரு. டாக்டர் கட்டில்கிட்ட நிக்கறதே இல்ல. எல்லாரும் என்னமோ வெச்சிருக்கீங்க."

கதவைச் சாத்தினேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அந்த ஸ்லைடில் இருந்ததெல்லாம் ஞாபகம் வந்தது. "உங்களுக்கு என்ன தெரியும் டீச்சர்?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் வேண்டாம். நேரா கேக்கறேன். எனக்குக் குணமாகுமா?"

இத்தனை வருட சர்வீஸில் இந்தக் கேள்விக்கு நான் சொன்ன பதில்கள் பல. தைரியமா இருங்க. சாமியக் கும்பிடுங்க. டாக்டர் வரட்டும். எதுவும் வாயில் வரவில்லை.

"ஆகாதுங்க டீச்சர்."

ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. நான் கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

"அப்ப இந்த மருந்து எதுக்கு?"

"கொஞ்சம் தள்ளிப்போட. கட்டி வேகமா வளராம பாத்துக்க. கேக்கும்னும் உறுதியாச் சொல்ல முடியாது."

"எவ்வளவு நாளுக்கு?"

"சரியாத் தெரியாதுங்க. டாக்டருக்கும் தெரியாது. மாசக்கணக்குதான். வருசக்கணக்கு இல்ல."

அவர் தலையாட்டினார். அழவில்லை. என் கையைப் பிடித்துக்கொள்வார் என்று நினைத்தேன். ஏன் அப்படி நினைத்தேனோ. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் மெல்ல மாறிக்கொண்டே வந்தது.

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"ஸ்கேன் வந்த அன்னைக்கு."

"ஹெட்மிஸ்ட்ரஸ்கிட்டப் பேசினப்ப நீங்க பக்கத்துலதான நின்னீங்க. பாட்டில் மாத்திட்டு இருந்தீங்க. நான் அடுத்த வருசம்னு சொன்னதக் கேட்டுட்டு நின்னீங்க."

"ஆமாங்க."

"வெளிய போங்க சிஸ்டர்."

போனேன்.

டிசம்பர் 11, வியாழன்

சென்னியப்பன் வராண்டாவில் கத்தினார். அவர் கத்துவார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. "என்னக் கேக்காம எப்படிச் சொல்லலாம்? யாரு இவங்களுக்கு உரிமை குடுத்தா?" கத்திவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிலோமினா தண்ணீர் கொடுத்தாள்.

மதியமே மெமோ வந்துவிட்டது. டாக்டர் சொல்ல வேண்டியதை நர்ஸ் சொன்னது ஏன்? மூன்று நாளைக்குள் விளக்கம் தர வேண்டும்.

"உனக்கு எதுக்கு இந்த வேலை?" என்று நர்சிங் சூப்பிரண்டு மேடம் கேட்டார்.

"சொல்ல வேண்டியவங்க சொல்லலை மேடம்."

"அதையே எழுதிடாதே. மன்னிப்புக் கேட்டு எழுது."

லிஃப்டில் டாக்டரும் நானும் மட்டும். "தேங்க்ஸ் சிஸ்டர்" என்றார் மெதுவாக. அவர் திட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது. எனக்கு நன்றி சொல்வதைவிட மேடத்திடம் போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த ஒரு வார்த்தையை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

டிசம்பர் 13, சனி

டீச்சர் டிஸ்சார்ஜ். போகும் முன்பு டாக்டரைக் கூப்பிட்டு அனுப்பினாராம். நான் உள்ளே போகவில்லை. பிலோமினாதான் இருந்தாள், அவள் சொன்னதுதான்.

டாக்டர் வழக்கம்போல் கட்டிலின் கால்மாட்டில் நின்றிருக்கிறார். "உக்காருங்க டாக்டர்" என்றிருக்கிறார் டீச்சர். வகுப்பில் பிள்ளையிடம் சொல்கிற குரல். உட்கார்ந்துவிட்டார். இந்த மருந்தை நிறுத்தினால் ஜனவரியில் வண்டியில் உட்கார்ந்து திண்டுக்கல் போக உடம்பு விடுமா என்று கேட்டிருக்கிறார். நிறுத்தினால் கொஞ்சம் தெம்பு வரலாம், ஆனால் கட்டி வளரும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். "வளரட்டும்" என்றிருக்கிறார் டீச்சர். அதன்பிறகும் ரொம்ப நேரம் பேசினார்களாம். வெளியே வந்த டாக்டர் நேராக வாஷ்பேசினுக்குப் போய் முகம் கழுவினார். அதை நானும் பார்த்தேன்.

சக்கர நாற்காலி என்னைத் தாண்டித்தான் போனது. டீச்சர் திரும்பவில்லை. சென்னியப்பனும் திரும்பவில்லை.

மன்னிப்புக் கடிதம் கொடுத்துவிட்டேன். என்ன எழுதினேன் என்று இங்கே எழுதப்போவதில்லை.

டிசம்பர் 26, வெள்ளி

என்னை ரெக்கார்டு ரூமுக்கு மாற்றிவிட்டார்கள். தற்காலிகமாகத்தான் என்கிறார்கள். தூசி. தும்மல். நோயாளிகளே கிடையாது, அவர்கள் ஃபைல்கள் மட்டும்தான். 'உறவினரிடம் விவரம் தெரிவிக்கப்பட்டது' என்று ஒவ்வொரு ஃபைலிலும் எழுதியிருக்கிறது. நோயாளியிடம் தெரிவிக்கப்பட்டதாக எழுதிய ஃபைலைத் தேடினேன். மாலைவரை ஒன்றும் அகப்படவில்லை.

வேலையை விட்டுவிடட்டுமா என்று சிவராஜிடம் கேட்டேன். "விட்டுட்டு?" என்றார்.

ஜனவரி 10, சனி

திண்டுக்கல்லில் போட்டி. போனில் தேடிப் பார்த்தேன், பள்ளிக்கூடப் பெண்கள் ஆடுவதையெல்லாம் யார் போடுகிறார்கள்? டீச்சர் போனாரா என்றும் தெரியவில்லை. கேட்க எனக்கு என்ன முகம் இருக்கிறது?

இட்லிக்கு அரைத்தேன். உப்பு போட மறந்துவிட்டேன்.

ஜனவரி 12, திங்கள்

சென்னியப்பன் வலி மாத்திரை வாங்க வந்தவர், விசாரித்துக்கொண்டு ரெக்கார்டு ரூமுக்கே வந்துவிட்டார். வாசலில் நின்றார். நானும் எழுந்து நின்றேன். மறுபடி கத்தப்போகிறார் என்று நினைத்தேன்.

"போயிட்டு வந்துட்டமுங்க" என்றார்.

காரின் பின் சீட்டில் தலையணை அடுக்கிப் படுக்கவைத்துக் கூட்டிப் போனாராம். டீமைக் கூட்டி வந்த பக்கத்து ஸ்கூல் வாத்தியார் டீச்சரைப் பார்த்ததும் தன் நாற்காலியைக் கொடுத்துவிட்டாராம். முதல் நாள் இரண்டு ஆட்டம் ஜெயித்தார்கள். இரண்டாம் நாள் காலிறுதியில் தோற்றுவிட்டார்கள்.

"புள்ளைங்கள வரிசையா நிக்கவெச்சுத் திட்டினா பாருங்க. ஏந்தான் இப்படித் திட்டறாளோன்னு எனக்கே பாவமாப் போச்சு. அந்த மோனிஷாப் புள்ள அழுதுட்டே, 'இன்னும் திட்டுங்க டீச்சர்'ங்குது."

சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. திரும்பி வரும் வழியில், ஒட்டன்சத்திரம் தாண்டி, டீச்சர் அழ ஆரம்பித்துவிட்டாராம். ஊர் வந்து சேரும்வரை நிறுத்தவில்லையாம். "நானும் பின்னாடி சீட்டுக்குப் போயி உக்காந்துட்டனுங்க. டிரைவர் பையன் ஓட்டிட்டு வந்தான்" என்றார்.

என்னை மன்னித்துவிட்டாரா, தெரியவில்லை. அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மாத்திரையை எப்படிக் கொடுப்பது என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

ஜனவரி 17, சனி

பொங்கல் லீவு முடிந்து நிறைய ஃபைல்கள். பதினோரு மணிக்கு போன். டீச்சர். குரல் ரொம்பத் தேய்ந்திருந்தது, ஆனால் அதே குரல்தான்.

"சிஸ்டர், நான் உங்கமேல இன்னும் கோவமாத்தான் இருக்கேன்."

"தெரியுங்க டீச்சர்."

"தெரியாது. கேளுங்க. காலிறுதில ரெண்டு பாயிண்ட்ல தோத்தோம். ரெண்டுமே லெஃப்ட் கார்னர்ல போச்சு. அந்தப் புள்ளைக்குப் பாடி வர்றவ காலப் புடிக்கவே வரல. நவம்பர்லயே சொல்லியிருந்தீங்கன்னா அந்த மருந்தையே போட்டிருக்கமாட்டேன். வாய்ப்புண்ணு வந்திருக்காது. ஒரு மாசம் கிரவுண்டுல நின்னிருப்பேன், வேற புள்ளைய அங்க நிறுத்திப் பழக்கியிருப்பேன். ரெண்டே ரெண்டு பாயிண்ட் சிஸ்டர்."

பழியை டாக்டர்மேல் போடலாம், வீட்டுக்காரர்மேல் போடலாம். அந்த ஒரு மாதம் திரும்பி வராது.

அவர் மூச்சு வாங்குவது கேட்டது. பிறகு, "எங்க, கதவச் சாத்திட்டு உக்காருங்க" என்றார்.

சாத்தினேன். ஃபைல் கட்டின்மேலேயே உட்கார்ந்தேன்.

"வயிறு வீங்கிட்டு வருது. கால்லயும் நீர் கட்டுது. இனிமே ஒண்ணொண்ணா என்ன ஆகும்னு எனக்குச் சொல்லோணும். வலி எங்க வரும், எப்ப வரும், எப்பப் படுக்கையா ஆவேன், கடைசில நெனப்பு இருக்குமா, எல்லாம். இவரும் பக்கத்துலதான் இருக்காரு, கேட்டுட்டு இருக்காரு. இவரு கேக்கறாருன்னு எதையும் விட்டுப்போடாதீங்க."

"சார்..." என்றேன்.

"சொல்லுங்க சிஸ்டர்" என்றது சென்னியப்பனின் குரல்.

வயிற்றிலிருந்து ஆரம்பித்தேன்.